ஒத்த துயரே உற்ற துணை

பதினாறாம் நாள் காரியம் முடிகிறது. வாசலில் போட்டிருந்த கூடாரம் பிரிக்கப்படுகிறது. வாடகை நாற்காலிகள் லாரியில் ஏறுகின்றன. துக்க வீட்டில் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லக் கூடாது என்பது மரபு. ஆதலால் உறவினர் ஒவ்வொருவராகச் சொல்லாமலே போகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் திரும்பி வருவதும் இல்லை.

பதினேழாம் நாள் விடிகிறது. கணவனை இழந்தவள் பழக்கத்தால் இரண்டு குவளைகளில் தேநீர் ஆற்றிவிட்டு, இரண்டாவது குவளையை என்ன செய்வது என்று அறியாமல் நிற்கிறாள். துயரம் அன்றுதான் தொடங்குகிறது. சமுதாயமோ, அது நேற்றே முடிந்துவிட்டது என்று கணக்கை மூடிவிடுகிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் சாவுச் சடங்கில் குறை வைப்பவர் அல்லர். எட்டாம் நாள் துக்கம், பதினாறாம் நாள் கருமாதி, ஆண்டுத் திதி என எல்லாம் முறைப்படி நடக்கின்றன. நாளேட்டில் நினைவஞ்சலி வெளியாகிறது. சங்கங்கள் ஒரு நிமிடம் எழுந்து நிற்கின்றன. இறந்தவருக்குச் செய்ய வேண்டியது எதுவும் விடுபடுவதில்லை. இருப்பவருக்குச் செய்ய வேண்டியதுதான் விடுபட்டுப் போகிறது.

அவ்வாறு விடப்பட்டவருள் சிலர் அண்மைக் காலமாகத் தமக்குத் தாமே வழி தேடிக்கொள்கின்றனர். பிள்ளையை இழந்த தாய், பிள்ளையை இழந்த இன்னொரு தாயைத் தேடுகிறாள். மனைவியை இழந்தவன், தன்னைப் போன்றவனைத் தேடுகிறான். ஆலய மண்டபத்தின் மூலையிலும் மருத்துவமனையின் சிறு அறையிலும் அவர்கள் சந்திக்கின்றனர். அதற்கும் வாய்ப்பில்லாதவர்கள் கைப்பேசியில், புலனக் குழுவில், ஊரே உறங்கும் இரவு இரண்டு மணிக்குச் சந்திக்கின்றனர். முகம் பார்த்திராத ஒருத்தி, “இன்றைக்காவது சாப்பிட்டீர்களா, அக்கா?” என்று கேட்கிறாள். உற்றார் மறந்துவிட்ட கேள்வி அது.

இதைக் கண்டு முகம் சுளிப்பவர் பலர். வீட்டுத் துக்கத்தை வெளியார் முன் விரிப்பது குடும்பத்துக்கு இழுக்கு என்கின்றனர் சிலர். எல்லாம் விதி, தெய்வத்தை நம்பினால் போதும் என்கின்றனர் சிலர். மனநோய்க்கு மருத்துவர் இருக்க, அழுகிறவரிடம் அழுகிறவர் போவதில் என்ன பயன் என்பது மற்றொரு சாராரின் வாதம். முகம் தெரியாதவரிடம் அழுவது பைத்தியக்காரத்தனம் என்று நகைப்பாரும் உளர். நான்கு கூற்றுகளும் பிழையானவை. பிழை என்பதோடு நில்லாமல், தமிழர் தம் பாட்டிமாரை மறந்த நன்றிக்கேடும் அவற்றில் கலந்திருக்கிறது.

ஒப்பாரி கற்பித்த பாடம்

ஒத்த துயருடையோர் ஒருவர்க்கொருவர் துணையாவது மேல்நாட்டார் கண்டுபிடித்துத் தமிழர்க்கு அனுப்பிய சரக்கன்று. ஒப்பாரி என்னும் சொல்லிலேயே ஒப்பு இருக்கிறது. இறந்தவரை உயர்ந்தனவற்றோடு ஒப்பிட்டு அழுவது என்று அதற்கு விளக்கம் கூறுவர். அழுகின்ற பெண்களின் வட்டத்தை உற்று நோக்கினால் இன்னோர் ஒப்பும் அங்கு உண்டு. ஒருத்தியின் தோளில் மற்றொருத்தி கைபோட்டுத் தலையோடு தலை சாய்த்து அழுவாள். இழவு வீட்டுக்காரி தன் கணவனை அழுவாள். அவள் தோளைப் பற்றியவளோ பத்தாண்டுக்கு முன் போன தன் மகனை அழுவாள். மூன்றாமவள் தாய்வீட்டை அழுவாள். பிணம் ஒன்று, அங்கே அழப்படும் இழப்புகளோ பல.

இதை வெளிவேடம் என்று படித்தவர் பலர் ஏளனம் செய்தனர். ‘கூலிக்கு மாரடித்தல்’ என்பது வசைமொழியாயிற்று. ஆனால் தமிழ்நாட்டின் ஒப்பாரியை ஆராய்ந்த மானிடவியலறிஞர் இசபெல் கிளார்க்-டெசெஸ் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட நூலுக்கு, ‘இறந்தவருக்காக எவரும் அழுவதில்லை’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். அழுகின்றவள் தன் வாழ்வின் துயரையே பாடுகிறாள் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஏளனம் செய்தோர் குறையெனக் கண்டது உண்மையில் ஒப்பாரியின் உயிர்நிலையாகும். பிறர் வீட்டுச் சாவில் தன் சாவை அழும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் இருந்தது. பழைய துயரம் வெளிப்பட ஓர் இடம் இருந்தது. புதிதாக இழந்தவளுக்கு, இழந்தும் வாழ்கின்ற பத்துப் பேரின் தோள் இருந்தது.

பழமை முழுவதும் பொன்னென்று கூறுவதும் பொய். அதே வட்டத்துப் பெண்கள்தாம் அவளுடைய வளையலை உடைத்தனர், பூவைப் பறித்தனர், தாலியைக் களைந்தனர். ஆறுதல் தந்த கையே அமங்கலி என்னும் முத்திரையையும் குத்தியது. அந்தக் கொடுமையை ஒழிக்கப் புறப்பட்ட சீர்திருத்தம் பாராட்டுக்குரியது. ஆயினும் வளையல் உடைப்பதை நிறுத்தியவர்கள் தோள் கொடுப்பதையும் சேர்த்தே நிறுத்திவிட்டனர். களையோடு பயிரையும் பிடுங்கிய செயல் அது.

வட்டம் கலைந்த கதை

தோட்டப்புற வாழ்வில் வறுமை இருந்தது, அடிமைத்தனம் இருந்தது. தனிமை மட்டும் இல்லை. லயத்தின் ஒரு வீட்டில் எழுந்த அழுகை மறுகோடி வீடுவரை கேட்கும். மறுநாள் வெளிக்காட்டில் பால்மரம் சீவும்போது பக்கத்து நிரைக்காரி துணைக்கு வருவாள். அவளும் ஒரு பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவளாக இருப்பாள். ஆலோசனை என்ற பெயர் இல்லாமலே ஆலோசனை நடந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்து மக்கள் நகரத்து அடுக்குமாடிகளில் ஆளுக்கொரு மாடியாகச் சிதறினர். சிங்கப்பூரில் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிய பின் கம்பத்து வாழ்வு மெல்ல மறைந்தது. சாவு வீட்டுக் கூட்டம் இன்று புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடுகிறது. வரிசை நாற்காலிகள், பொட்டலக் கடலை, குளிர்பானம், தாழ்ந்த குரலில் பேச்சு என எல்லாம் ஒழுங்காக நடைபெறுகின்றன. உரக்க அழுதால் பத்து மாடியும் எட்டிப் பார்க்கும் என்று அஞ்சி, “மெல்ல, மெல்ல” என்று அழுகிறவளின் வாயை அவளுடைய சொந்த மகளே பொத்துகிறாள்.

வேலையிடம் சில நாள் விடுப்புத் தருகிறது. அதன்பின் அலுவலகத்தில் எல்லாரும் பழைய முகத்தையே எதிர்பார்க்கின்றனர். ஓராண்டு கழித்து ஒருவர் கண்கலங்கினால், “இன்னுமா?” என்கின்றனர். அந்த ஒற்றைச் சொல்லுக்கு அஞ்சியே எத்தனையோ பேர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகின்றனர்.

உடல் இல்லாச் சாவுகள்

இத்துணை தேவையா என ஐயுறுவோர் மலாயாத் தமிழரின் வரலாற்றில் ஓராண்டை மட்டும் எண்ணிப் பார்க்கட்டும். 1942 முதல் 1943 அக்டோபர் வரை, தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியப் படை அமைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரமாயிரமாய்க் கொண்டு செல்லப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் அவர்களைத் தின்றன. மாண்டோர் தொகை குறித்து ஆய்வாளர் கணக்குகள் வேறுபடுகின்றன. பல்லாயிரவர் என்பதில் மட்டும் வேறுபாடில்லை. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் ஏறத்தாழ ஏழாயிரம் வரிசை வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலோர்க்கு ஒரு கல்லும் இல்லை.

அவர்களுடைய மனைவியர் தோட்டங்களில் காத்திருந்தனர். உடல் வரவில்லை, ஓலை வரவில்லை, இறந்த நாள் இன்னதென்றும் தெரியவில்லை. திதி கொடுப்பது எந்நாள்? பொட்டை அழிப்பதா, வைத்திருப்பதா? கணவன் திரும்பி வந்தால் என்ன ஆகும்? திரும்பாவிட்டால் என்ன ஆகும்? இக்கேள்விகளுக்கு ஐயரிடமும் விடை இல்லை. கிராணியிடமும் விடை இல்லை. அந்நாளில் அவர்களுக்கு மனநல ஆலோசகர் எவரும் இலர். ஒருத்தியின் நிலையை மற்றொருத்திக்கு விளக்க வேண்டிய தேவை எழாத ஓரிடம் உண்டென்றால், அது அதே லயத்தில் அதே போலக் காத்திருந்த இன்னொரு பெண்ணின் வாசற்படியே. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய மலேசிய நாவல்கள் அந்த இருண்ட காலத்தை இலக்கியமாக்கியுள்ளன. சென்றவர் கதை அவ்வாறு எழுதப்பட்டது. இருந்தவர் ஒருவரையொருவர் தாங்கிப் பிழைத்த கதை இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. எழுதப்படாததனாலேயே அது நடக்கவில்லை என்று இன்றையோர் எண்ணுகின்றனர்.

பிறர் மீண்டும் கண்ட உண்மை

தமிழர் கைவிட்ட இவ்வுண்மையை வேறு நாட்டார் தேடிக் கண்டெடுத்தனர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபில்லிஸ் சில்வர்மன் என்னும் அறிஞர், 1967ஆம் ஆண்டளவில் கைம்பெண்ணுக்குக் கைம்பெண்ணே துணையாகும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். புதிதாகக் கணவனை இழந்தவரை, முன்னரே இழந்து தேறியவர் தேடிச் சென்று கண்டனர். ‘தேவையானால் வாருங்கள்’ என்று பலகை மாட்டி அவர்கள் காத்திருக்கவில்லை. துயரில் ஆழ்ந்தவர் எழுந்து வந்து கதவைத் தட்டமாட்டார் என்பதை அறிந்திருந்தமையால், தாமே சென்று தட்டினர்.

இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரில் 1968ஆம் ஆண்டு ஒரே மருத்துவமனையில் இரு சிறுவர்கள் மாண்டனர். ஒருவன் விபத்தில் அடிபட்டவன். மற்றவன் புற்றுநோயால் வாடியவன். அங்குத் துணைச் சமயகுருவாக இருந்த சைமன் ஸ்டீஃபன்ஸ் அவ்விரு குடும்பங்களையும் ஒன்றுசேர்த்தார். சமயகுருவாகிய தாம் தர முடியாத ஆறுதலை அந்தப் பெற்றோர் ஒருவர்க்கொருவர் தருவதை அவர் கண்டார். 1969இல் அதிலிருந்து பிள்ளையை இழந்த பெற்றோர் கழகம் ஒன்று பிறந்து, பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. ஆறுதல் கூறுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தம்மினும் வல்லவர் இவர்கள் என்று வழிவிட்டு நின்றாரே, அந்தப் பணிவு பாராட்டத்தக்கது. அந்தப் பணிவை இங்குள்ள பெரியோரிடம் எதிர்பார்ப்பது மிகையாகுமோ?

கனடாவின் டொரான்டோ நகரில் நடந்த ஆய்வு ஒன்று 1980இல் வெளிவந்தது. கணவனை இழந்த 162 பெண்களுள் 68 பேருக்குப் பயிற்சி பெற்ற கைம்பெண் ஒருவர் துணையாக அமைக்கப்பட்டார். எஞ்சியோருக்கு அத்துணை இல்லை. ஈராண்டு கவனித்ததில், இரு சாராரும் ஏறத்தாழ ஒரே வழியில்தான் மீண்டனர். ஆனால் துணை பெற்றோர் அவ்வழியை விரைந்து கடந்தனர். துயரத்தைத் துடைத்தெறியும் மந்திரம் எவரிடமும் இல்லை என்பதும், கடக்க வேண்டிய வழியைத் துணையோடு கடந்தால் கால் தள்ளாடாது என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

ஒத்த துயர் செய்வது என்ன?

உற்றாரால் இயலாத எதனை இழந்தோர் செய்துவிட முடியும் என்று வினவலாம். முதலாவது, இறந்தவரின் பெயரைச் சொல்ல அவர்கள் இடம் தருகின்றனர். வீட்டில் அப்பெயரை எடுத்தால் எல்லாரும் பேச்சை மாற்றுவர். நல்லெண்ணத்தால்தான் மாற்றுகின்றனர். ஆனால் மகனை இழந்த தாய் அஞ்சுவது அழுகையை அன்று. மகன் பெயர் உலகிலிருந்து அழிந்துவிடுமே என்பதைத்தான். இன்னொரு தாய், “உங்கள் மகன் எப்படிப்பட்டவன், சொல்லுங்கள்” என்கிறாள். இறந்தவன் அரைமணி நேரமாவது பேச்சில் வாழ்கிறான்.

இரண்டாவது, எந்தப் புத்தகத்திலும் இல்லாத சிறு செய்திகளை அவர்கள் அறிவர். அவருடைய சட்டைகளை எப்போது எடுத்துக் கொடுப்பது? அவர் குரல் பதிந்த கைப்பேசியை என்ன செய்வது? முதல் தீபாவளிக்குப் பலகாரம் சுடாமல் இருந்தாலும் பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்கலாமா? “எத்தனை பிள்ளைகள்?” என்று புதியவர் கேட்டால் இறந்த பிள்ளையைச் சேர்த்து எண்ணுவதா, விட்டு எண்ணுவதா? இக்கேள்விகள் அறிஞருக்குச் சிறியவை, அனுபவித்தவருக்கு மலை. அம்மலையை ஏறி இறங்கியவரே வழி சொல்ல முடியும்.

மூன்றாவது, அவர்கள் தம் வாழ்வையே சான்றாக வைக்கின்றனர். ‘காலம் ஆற்றும்’ என்று யாரும் சொல்லலாம். ஐந்தாண்டுக்கு முன் மகளை இழந்த ஒருத்தி இன்று சிரிக்கிறாள், சமைக்கிறாள், இடையிடையே அழவும் செய்கிறாள் என்பதைக் கண்ணால் காண்பது வேறு. நான்காவது, தாங்கப்பட்டவர் நாளடைவில் தாங்குபவராகிறார். சென்ற ஆண்டு இரவெல்லாம் அழுதவள் இவ்வாண்டு இன்னொருத்தியைத் தேற்றுகிறாள். அத்தேற்றத்தில் அவளும் தேறுகிறாள். இரங்கப்படும் நிலையிலிருந்து பயன்படும் நிலைக்கு உயர்வது போன்ற மருந்து வேறில்லை.

மறுப்போர்க்கு மறுமொழி

குடும்ப மானம் பேசுவோர் முதலில் விடை கூறட்டும். அழுதால் போகும் மானம், அழுகிறவரைக் கைவிட்டால் போகாதா? அதிலும், தற்கொலையால் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் நிலை கொடிது. மாரடைப்பு என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் பொய்க்கும் துயருக்கும் இடையில் வாழ்நாளெல்லாம் அவர்கள் நசுங்குகின்றனர். சுற்றத்தார் அறியக் கூடாதது என்று அவர்கள் அஞ்சுவதை, அதே நெருப்பில் வெந்த இன்னொரு பெற்றோரிடம் அஞ்சாமல் கூறலாம். அவர்களுக்கு வெளியார்தான் புகலிடம். மானத்தின் பெயரால் அந்தக் கதவை அடைப்பது, இறந்தவனோடு இருப்பவரையும் சேர்த்துப் புதைப்பதாகும்.

விதியென்றும் தெய்வமென்றும் கூறுவோருக்குச் சமயக் கதையே விடை தருகிறது. இறந்த குழந்தையைத் தோளில் சுமந்து புத்தரிடம் வந்தாள் கிசா கோதமி. மணிமேகலையில் மகனை இழந்து சம்பாபதியிடம் முறையிடும் கோதமையும் அவளைப் போன்ற தாயே. சாவே நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று அவளைப் புத்தர் அனுப்பினார். நிலையாமையைப் போதித்த கதை என்றே இது வகுப்பறைகளில் கற்பிக்கப்படுகிறது. நிலையாமையை அவர் இருந்த இடத்திலேயே ஓர் உரையில் போதித்திருக்கலாம் அன்றோ? ஏன் வீடுவீடாக அனுப்பினார்? ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் வந்து, இங்கே தந்தை போனார், இங்கே மகள் போனாள் என்று கூறக் கேட்டாள் அவள். மாலைக்குள் அவ்வூரில் இழந்தோர் அனைவரையும் அறிந்துவிட்டாள். கடுகு கிடைக்கவில்லை, துணை கிடைத்தது. ஞானியே அவ்வழியைத் தேர்ந்தார் எனின், விதி என்னும் ஒரு சொல்லோடு கதவைச் சாத்துவோர் ஞானியினும் பெரியரோ?

மருத்துவரே போதும் என்பாரின் கூற்றில் பாதி உண்மை உண்டு. சிலருடைய துயரம் தணியாமல் நிலைத்து வாழ்வையே முடக்குகிறது. நீடித்த துயர்க் கோளாறு என்று அதனை மருத்துவ உலகம் 2022இல் நடைமுறைக்கு வந்த வகைப்பாடுகளில் சேர்த்தது. ஒரு வகைப்பாடு ஆறு மாதத்தையும், மற்றொன்று வளர்ந்தோருக்கு ஓராண்டையும் எல்லையாகக் கொள்கிறது. அத்தகையோரையும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உடையோரையும் மருத்துவரிடம் சேர்ப்பதே கடன். துயர் பகிரும் வட்டம் தன் எல்லையை அறிந்திருத்தல் வேண்டும். ஆனால் இழந்தோருள் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர், துயருற்ற மனிதர். பசித்தவனுக்கு மருந்துச் சீட்டு எழுதுவது எத்தகையதோ, தோள் தேடுபவரை எல்லாம் மருத்துவமனைக்கு அனுப்புவதும் அத்தகையதே.

முகம் அறியாதவர் என்னும் ஏளனம் எஞ்சுகிறது. 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஏப்ரல் 7 அன்று சிங்கப்பூரும் கடுங்கட்டுப்பாட்டுக்குள் புகுந்தது. சாவு வீட்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்கவரே செல்ல முடிந்தது. பெற்ற தாயின் சிதையைக் கைப்பேசித் திரையில் கண்டு வணங்கிய மக்கள் பலர். அன்று அத்திரை வழியே வந்த அழுகை பொய்யென்று எவரும் கூறவில்லை. உறவினருக்கு மெய்யான திரை, ஒத்த துயருடையவருக்கு மட்டும் பொய்யாவது எங்ஙனம்?

அவ்வழியில் தீங்கு இல்லாமலும் இல்லை. துக்கத்தை மோப்பம் பிடித்துப் பணம் பறிக்க வருவோர் உண்டு. பரிகாரம் விற்போர் உண்டு. மதம் மாற்ற வருவோர் உண்டு. ஒருவர் அழுகையை நூறு பேருக்கு அனுப்பிவிடும் அற்பரும் உண்டு. ஆகவே பொறுப்பாளர் வேண்டும், விதி வேண்டும், கேட்டது வெளியே போகாது என்னும் உறுதி வேண்டும், பணப்பேச்சுக்கு முழுத்தடை வேண்டும். வழியில் திருடன் உண்டு என்பது விளக்கும் காவலும் வைப்பதற்குக் காரணமாகலாம். வழியையே மூடுவதற்குக் காரணமாகாது.

தமிழில் அழும் உரிமை

வேதனை தருவது வேறொன்று. துணை தேடிப் போகும் தமிழர் பலர் ஆங்கிலம் பேசும் வட்டத்தையே அடைகின்றனர். அங்குள்ளோர் நல்லவர், குறை அவர்களிடம் இல்லை. ஆனால் தாய்மாமனை இழந்தவன் அவ்வுறவின் எடையை அம்மொழியில் எப்படி இறக்கி வைப்பான்? சுமங்கலி வரிசையில் நிற்க வேண்டாம் என்று நாத்தனார் கண்சாடை காட்டியதை எந்தச் சொல்லால் விளக்குவாள்? கொள்ளி வைக்க மகன் இல்லையே என்று ஊரார் முணுமுணுத்தது ஒரு மகளின் நெஞ்சைக் கிழித்ததை எவ்வாறு மொழிபெயர்ப்பாள்? அழும்போதும் மொழிபெயர்த்து அழ வேண்டிய நிலையினும் இரங்கத்தக்கது எது?

தமிழ் வாழ வேண்டும் என்று மேடைதோறும் முழங்கப்படுகிறது. வகுப்பறையிலும் மேடையிலும் மட்டும் வாழும் மொழி பாதி உயிரோடு இருக்கும் மொழியே. மனிதன் நிலைகுலைந்த நேரத்தில் அவன் வாய்க்கு வரும் மொழியே முழு உயிருள்ள மொழி. கையறுநிலை என்று இழந்தோர் செயலற்று நிற்கும் நிலைக்கே ஒரு துறை வகுத்த மொழி தமிழ். அம்மொழியின் சங்கங்கள் இன்று இரங்கற்பா எழுதி இறந்தவரைப் புகழ்கின்றன. சட்டமிட்டுக் குடும்பத்தாரிடம் வழங்குகின்றன. படம் எடுத்துக்கொண்டு கலைகின்றன. அக்குடும்பத்தின் பதினேழாம் நாளைப் பற்றி எந்தச் சங்கத்தின் கூட்டக் குறிப்பிலும் ஒரு வரியேனும் உண்டா?

ஆசிரியர் கையில் உள்ளது

இப்பணிக்குப் பெருநிதி வேண்டா. ஆலயத்தில் மாதத்துக்கு ஒரு மாலை, ஓர் அறை, பத்து நாற்காலி, இழந்து தேறிய இருவர் இருந்தால் போதும். வர இயலாதோர்க்குக் கைப்பேசி வழியே ஒரு குழு. எட்டாம் நாள் துக்கத்திலேயே அக்குழுவின் பெயரும் எண்ணும் எழுதிய ஒரு சீட்டு. அழைப்புக்குக் காத்திராமல் பதினேழாம் நாள் கதவைத் தட்டும் ஒருவர். கைம்பெண்ணை அமங்கலி என்று ஒதுக்கும் பழைய நஞ்சு அந்த அறைக்குள் நுழையலாகாது. ஆண்களும் அழ இடம் வேண்டும்; ‘ஆண்பிள்ளை அழலாமா’ என்னும் சொல் வாசலிலேயே நிறுத்தப்பட வேண்டும்.

தமிழாசிரியர் பொறுப்பு இவற்றினும் பெரிது. தந்தையை இழந்த மாணவன் ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கு வருகிறான். பாடத்திட்டப்படி அன்று கட்டுரைத் தலைப்பு ‘என் குடும்பம்’. ஆசிரியர் அறியாமல் கரும்பலகையில் எழுதுகிறார். முப்பது பேர் எழுதுகின்றனர். ஒருவன் மட்டும் எழுதாமல் இருக்கிறான். சிவப்பு மையில் ‘முயற்சி போதாது’ என்று குறிக்கப்படுகிறது. அப்பள்ளியின் மேல்வகுப்பில், ஈராண்டுக்கு முன் தாயை இழந்த மாணவி ஒருத்தி இருப்பாள். அவ்விருவரையும், அவர்கள் விருப்பமறிந்து, ஓர் இடைவேளையில் ஒரே பெஞ்சில் அமர்த்துவதற்குச் செலவு ஏதுமில்லை. சிறுவன் அவளிடம் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருக்கலாம். பேசாமல் பக்கத்தில் இருக்கத் தெரிந்தவள் அவ்வகுப்பில் அவள் ஒருத்தியே.

மாணவரும் ஒன்றைக் கற்கலாம். தோழன் வீட்டுச் சாவுக்கு எல்லாரும் ஒருநாள் கூட்டமாகப் போவர், அது கடமை. ஒரு மாதம் கழித்துத் தனியாகப் போய், “அப்பாவைப் பற்றிச் சொல்லேன்” என்று கேட்பதே நட்பு.

பாட்டிமார் தோளில் கைபோட்டு அழுதனர். அவர்கள் பாடிய வரிகள் மறந்து போகட்டும். மாரில் அடித்துக்கொண்ட வழக்கம் ஒழியட்டும். வளையல் உடைத்த கொடுமை மீண்டும் தலையெடுக்காதிருக்கட்டும். அந்தத் தோளை மட்டும் தமிழ்ச் சமுதாயம் மீட்டாக வேண்டும். அது ஆலய அறையில் கிடைத்தாலும் நன்று. கைப்பேசியில் குரலாகக் கிடைத்தாலும் நன்று. அதைத் தேடிப் போகிறவரை ஏளனம் செய்யும் உரிமை, பதினேழாம் நாள் அந்த வீட்டுக்குப் போகாத எவருக்கும் இல்லை.